நோர்வேக்கு இன்னும் பூச்சியம்

போர்த்துக்கலும் எங்கள் பாட்டுக்கு ஒரு புள்ளியும் தரவில்லை. இதோடு பதினாலு நாடு முடிந்துவிட்டது, இன்னும் பதினொன்றுதான் இருக்கிறது, பெரிய திரையின் அடிவரிசையில் நோர்வேயின் கொடிக்குப் பக்கத்தில் அந்தப் பூச்சியம் வாயைப் பிளந்துகொண்டு அப்படியே நிற்கிறது. என்னைத்தான் பார்க்கிறது என்று படுகிறது. விசர் நினைப்பு, பூச்சியத்துக்குக் கண் எங்கே, ஆனால் இந்த ஐரோப்பியப் பாட்டுப் போட்டி மண்டபத்தில் இருக்கிற இத்தனை ஆயிரம் பேரில் அது ஏன் இன்னும் பூச்சியமாக இருக்கிறது என்று தெரிந்த ஆள் நான் ஒருத்திதான். நான்தான் உடைத்தேன். இரண்டு நிமிஷம் நாற்பது செக்கனில், பாட்டு மேலே ஏறி உச்சத்தில் போய் நிற்கவேண்டிய இடத்தில், என் குரல் சீலை கிழிந்த மாதிரி ஒரு சத்தம் போட்டது. அரைச் செக்கன். அரைச் செக்கன்கூட இராது. பிறகு எட்டிப் பிடித்துவிட்டேன், முடித்தும்விட்டேன், சனம் கை தட்டியது, சிங்னே ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தாள், அவளுடைய கழுத்து வியர்த்துக் குளிர்ந்து போயிருந்தது. இப்போது பாடி முடித்த எல்லோரையும் மேடைக்கு எதிரே நாடு நாடாகச் சோபாக்களில் இருத்தி வைத்திருக்கிறார்கள், கலியாண வீட்டில் மாப்பிள்ளை பகுதி பெண் பகுதி என்று இருத்துவது போல. எங்கள் சோபாவில் மூன்று பேர். பாட்டை எழுதிப் பாடிய சிங்னே, இருபத்தெட்டு வயது, நோர்வேயின் வடக்கில் எங்கள் தீவிலேயே பிறந்தவள். அவளுக்குப் பின்னால் நின்று சொல்லில்லாத குரல் கொடுத்த நான், மெற்றில்டா, ஐம்பத்திரண்டு வயது, யாழ்ப்பாணத்துப் பாசையூரில் பிறந்து அதே தீவில் முப்பத்திரண்டு வருஷமாக இருப்பவள். அந்தப் பக்கத்தில் எங்கள் குழுவுக்குப் பொறுப்பாக வந்த ஷெல், நகம் கடிக்கிறார். நல்ல மனிசன். ஷெல் என்றால் நோர்வேயில் ஆம்பிளைப் பெயர், நான் வேலைக்குப் போன மீன் தொழிற்சாலையிலும் ஒரு ஷெல் இருந்தார், முதல் நாள் "ஷெல் வாறார்" என்று யாரோ சொன்னபோது நான் மேசைக்குக் கீழே குந்திவிட்டேன். அவர்களுக்கு விளங்கவில்லை. எங்கள் ஊரில் ஷெல் என்றால் வானத்தால் வந்து விழுந்து வெடிக்கிற குண்டு என்று சொல்ல எனக்கு அப்போது பாஷை இல்லை.

அடுத்தது எஸ்தோனியா. வடிவான பெண்பிள்ளை, பச்சை உடுப்பு, பின்னால் ஒரு கோபுரம் தெரிகிறது, சிரித்துச் சிரித்து வணக்கம் சொல்லுகிறாள், இவ்வளவு சிரிக்கிறவள் கொஞ்சம் எங்களுக்கும் தருவாள் என்று மனம் சொல்லுகிறது, ஒன்று, இரண்டு, மூன்று. ஒரு நாடு பத்துப் பாட்டுக்குப் புள்ளி போடும், ஒன்றிலிருந்து எட்டு வரை, பிறகு பத்து, பிறகு பன்னிரண்டு, ஒன்பதும் பதினொன்றும் கிடையாது. எனக்கு இது நேற்று இன்று தெரிந்ததல்ல. நோர்வே பாஷையில் எண்ணப் பழகியதே இந்தப் போட்டியைப் பார்த்துத்தான். வந்த முதல் வருஷம், மே மாதம், ஓஸில் வீட்டுக் குசினிக்கு அடுத்த அறையில். ஓஸில் எங்கள் தொழிற்சாலையில் மீன் வெட்டுகிற வரிசைக்கு மேற்பார்வைக்காரி, அவளுடைய வீட்டு மேல்மாடி அறையில்தான் நான் வாடகைக்கு இருந்தேன். தடித்த மனிசி, சத்தமான மனிசி, முதல் கிழமை முழுக்க என்னைப் பேசிக்கொண்டே இருந்தாள், கையுறை போடு, கையுறை போடு என்று. பாசையூர்க்காரிக்கு மீன் வெட்டக் கையுறையா என்று நான் கழற்றிக் கழற்றி வைப்பேன். உலகத்தைச் சுற்றி இந்தப் பனிக்குள் வந்து நான் செய்த வேலை பிறந்த நாளிலிருந்து கண்ட மீன்தான் என்று எனக்குள்ளே சிரிப்பு. ஆனால் இது பனிக்கட்டித் தண்ணீரில் கிடக்கிற மீன், மூன்றாம் நாள் விரல் மரத்துப்போய் வெட்டினது தெரியாமல் வெட்டிக்கொண்டேன், ஓஸில்தான் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு டொக்டரிடம் ஓடினாள், வழி முழுக்கப் பேச்சு, அவளுடைய வெள்ளை அங்கி முழுக்க என் இரத்தம். அந்தச் சனிக்கிழமை மாலை கதவைத் தட்டிக் கீழே வரச் சொன்னாள். தொலைக்காட்சியில் பாட்டு, மேசையில் வாஃபலும் பழுப்புச் சீஸும், பக்கத்து வீட்டுச் சனம் ஏழெட்டுப் பேர். பாட்டு ஒன்றும் எனக்கு விளங்கவில்லை, புள்ளி சொல்லத் தொடங்கியதும் விளங்கியது, எண்தானே, திரையில் இலக்கம், வாயில் சொல், இலக்கம், சொல். எட்டுக்கு ஒத்த, பத்துக்குத் தீ, பன்னிரண்டுக்குத் தொல். தீ என்று அவர்கள் கத்தும்போதெல்லாம் நான் கூரையைப் பார்த்தேன். திங்கட்கிழமை நான் வேலையில் பெட்டி எண்ணினேன், நோர்வே பாஷையில், எட்டுக்குப் பிறகு பத்து, பத்துக்குப் பிறகு பன்னிரண்டு. ஓஸிலுக்குக் கணக்கு பிழைத்துப் பிழைத்து வந்தது, ஏன் என்று கண்டுபிடித்தபோது கத்தி கீழே விழும்வரை சிரித்தாள், வரிசை முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பிறகு ஒரு கிழமையாக என்னைக் காணும்போதெல்லாம் "ஒன்பது!" என்று கூப்பிடுவாள்.

எஸ்தோனியாவும் தரவில்லை. பன்னிரண்டை யாருக்கோ கொடுத்துவிட்டுக் கையசைத்துப் போய்விட்டாள். அந்த முதல் மே மாதமும் நோர்வே அடிவரிசையில் எங்கேயோதான் நின்றது, ஓஸில் வீட்டுச் சனம் திரையைப் பார்த்துக் கத்தியது, மேசையில் குத்தியது, நாட்டின் பெயரைச் சொல்லி ஆட்கள் இப்படிக் கத்தினால் அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், கதவு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து வைத்தேன். பிறகு பார்த்தால் சிரிக்கிறார்கள். ஓஸில் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரிக்கிறாள். தோற்றுப்போன நாடு, யாருக்கும் ஒன்றும் நடக்கவில்லை, ஒருவர் எழும்பிக் கோப்பி ஊற்றினார், ஒருவர் தன் சப்பாத்தைத் தேடினார். ஒரு நாடு இருக்கிறது, அதற்காகக் கத்தலாம், கத்திவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம். மேல்மாடிக்குப் போய்க் கட்டிலில் இருந்துகொண்டு அழுதேன். துக்கம் இல்லை அது. என்னவென்று இன்றைக்கும் சொல்லத் தெரியாது. அப்போது நினைத்தேன், இந்தச் சனத்துக்கு என்னால் ஒரு கெடுதலும் வரக்கூடாது, மாதாவே, ஒரு சின்னக் கெடுதலும். முப்பத்திரண்டு வருஷம் அப்படித்தான் நடந்தேன், பளிங்குப் பாத்திரக் கடைக்குள் நடக்கிற மாதிரி. பஸ்ஸில் சத்தமாகக் கதைக்கவில்லை, வரிசையில் முந்தவில்லை, பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாள் பிந்தவில்லை, மீன் பொரித்தால் யன்னலைத் திறக்கிறதா மூடுகிறதா என்று அரை மணித்தியாலம் யோசித்தேன். அவ்வளவும் செய்துவிட்டு, கடைசியில், முழு ஐரோப்பாவும் பார்த்துக்கொண்டிருக்க, அவர்களுடைய பாட்டை உடைத்தேன்.

சிங்னே என் கையைப் பிடித்திருக்கிறாள். எப்போது பிடித்தாள் என்று தெரியவில்லை. விரல் குளிர். இவளை முதல் கண்டபோது ஏழு வயது, முன்பல்லு இரண்டும் இல்லை. எங்கள் தீவில் கத்தோலிக்கக் கோயில் கிடையாது, பெரிய வெள்ளிக்கிழமைக்கு அவர்களுடைய லுத்தரன் கோயிலை எங்களுக்குத் தருவார்கள், தமிழ்ச் சனம் நாற்பது பேர் இருப்போம். திறப்பு சிங்னேயின் தகப்பனிடம். அவர் வந்து திறந்துவிட்டு நாங்கள் முடிக்கும்வரை பின்வரிசை வாங்கில் இருந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருப்பார், அந்த வருஷம் மகளையும் கூட்டிவந்தார். நான் ஒப்பாரி பாடினேன். மாதா மகனை மடியில் வைத்து அழுகிற இடம். ஊரில் அதை அண்ணை பாடுவான், மரியதாஸ் அண்ணை, பாசையூரில் ஆம்பிளைகளுக்குள் அவனுக்குத்தான் அந்த உச்சம் வரும், கடற்கரைவரை கேட்கும் என்பார்கள். கடலில் துப்பாக்கிச் சூடு விழுந்த ஒரு விடியற்காலை வள்ளம் தானாகக் கரைக்கு வந்தது, வலை இருந்தது, சாப்பாட்டுப் பெட்டி இருந்தது, அண்ணை இல்லை. அம்மா வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றா. புதைக்கவும் ஒன்றும் இல்லை. நான் அதற்குப் பிறகு பதினாலு வருஷம் பாடவில்லை, அந்த வெள்ளிக்கிழமைதான் முதல் தரம், பாட வேண்டியவர் வேறு ஊருக்கு மாறிப் போய்விட்டார், வேறு ஆள் இல்லை. பாதியில் சொல் மறந்துபோய்விட்டது, சொல் இல்லாமல் வெறும் குரலாகவே போனேன், மேலே மேலே, நின்றால் விழுந்துவிடுவேன் என்பது போல. முடிந்து திரும்பிப் பார்த்தால் பின்வாங்கில் அந்தச் சின்னப்பிள்ளை வாயைத் திறந்தபடி நிற்கிறது, தகப்பன் பேப்பரை மடித்து வைத்துவிட்டார். வாசலில் அவர் தலையைக் குனிந்துகொண்டு, "தக்" என்றார். நன்றி. அவ்வளவுதான். அவருடைய தம்பியும் கடலில் போனவர் என்று எனக்குப் பிறகுதான் தெரியும்.

எதற்கும் நன்றி சொல்லுகிற சனம் இது. எங்கள் ஆட்கள் வீட்டுக்குள் நன்றி சொல்லுவதில்லை, அது மேடையில் சொல்லுகிற சொல், என் புருஷன் எமிலுக்கு நான் தேத்தண்ணி கொடுத்து அவர் நன்றி என்று சொன்னால் இந்த மனிசனுக்குக் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். இங்கே சாப்பிட்டு எழும்பினால் சாப்பாட்டுக்கு நன்றி, போன மாதம் சந்தித்தவரை இன்று கண்டால் போன தடவைக்கு நன்றி, சேர்ந்து நடந்துபோய் வந்தால் நடந்ததற்கு நன்றி. கல்லறைக் கல்லிலும் அதைத்தான் வெட்டுகிறார்கள், எல்லாவற்றுக்கும் நன்றி என்று, பெயர், பிறந்த வருஷம், செத்த வருஷம், அந்த வசனம். செத்தவருக்கு இருக்கிறவர் சொல்லுகிறாரா, இருக்கிறவருக்குச் செத்தவர் சொல்லுகிறாரா என்று ஓஸிலைக் கேட்டேன். யோசித்துவிட்டுச் சொன்னாள், "அது எங்களுக்கும் தெரியாது." எனக்கு அந்தக் கல்லுகளுக்கு நடுவே நடக்கப் பிடிக்கும்.

லித்துவேனியா. இல்லை. கிரேக்கம். இல்லை. இன்னும் எட்டு. ஷெல் நகத்தை விட்டுவிட்டு விரலைக் கடிக்கத் தொடங்கிவிட்டார். பாவம், இந்த மனிசன் பெப்ரவரியிலேயே மரியாதையாகக் கேட்டார். சிங்னே போன வருஷம் ஒரு மழை நாளில் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டி, சித்தப்பாவைப் பற்றி ஒரு பாட்டு எழுதியிருக்கிறேன், வள்ளம் வராத பாட்டு, கடைசியில் எனக்குச் சொல் வரவில்லை, நீ அன்றைக்குக் கோயிலில் பாடினாயே, அது வேண்டும் என்றாள். இந்த நாட்டில் ஏழு வயதும் எழுபது வயதும் எல்லோருக்கும் எல்லோரும் நீதான், முதலில் சுட்டது, பிறகு பழகியது, இப்போது யாராவது நீங்கள் என்றால்தான் பயம். ஜனவரியில் நாட்டுக்குள் நடந்த தெரிவுப் போட்டியில் வென்றோம். பாடி முடித்து மேக்கப் துடைக்கும்போது கழுத்தில் என் விரலில் பட்டது, ஒரு புளியங்கொட்டை அளவு. தைரொயிட் கழலை, வெட்ட வேண்டும் என்றார்கள், கெட்டதல்ல என்று பிறகு தெரிந்தது, ஆனால் குரல் நரம்புக்குப் பக்கத்தில். வெட்டி எழும்பியபோது எனக்குக் காற்றுத்தான் வந்தது. மூன்று கிழமை எமிலோடு கடதாசியில் எழுதிக் கதைத்தேன், அந்த மனிசன் தானும் எழுதி எழுதிப் பதில் தந்தார், "இஞ்சேருங்கோ, உங்களுக்குக் குரல் இருக்குத்தானே" என்று எழுதிக் காட்டினேன், அவர் வாசித்துப்போட்டு, "நீர் கதைக்காமல் நான் மட்டும் கதைச்சால் வீட்டில சத்தம் கூடவாய் இருக்கு" என்று எழுதினார். ஷெல் பூக்கொத்தோடு வந்தார். "மெற்றில்டா, ஒருத்தரும் குறை நினைக்கமாட்டினம். ஒஸ்லோவில நல்ல பாடகி ஒருத்தி இருக்கிறாள். இல்லையெண்டால் ஜனவரியில் பாடினதை ஒலிப்பதிவில போடலாம்." நான் தலையாட்டினேன், ஓம், அதுதான் சரி, அவளைப் போடுங்கோ. எழுதியும் கொடுத்தேன். சிங்னே அந்தக் கடதாசியை வாங்கி வாசித்துவிட்டு நாலாக மடித்துத் தன் காற்சட்டைப் பைக்குள் வைத்தாள். "மே மாதம்வரை நாள் இருக்கு," என்றாள். ஏப்ரலில் குரல் வந்தது. ஒத்திகை ஆறு தரம், ஆறு தரமும் நின்றது. ஏழாம் தரம் இன்றைக்கு.

நான் ஏன் ஓம் என்று வந்தேன். ஆசை. ஆசைதான், வேறென்ன. அடக்கமான மனிசி என்று முப்பத்திரண்டு வருஷம் பெயரெடுத்தவளுக்குள் இவ்வளவு ஆசை எங்கே கிடந்தது. அந்த ஒஸ்லோப் பெண்ணென்றால் இந்நேரம் ஐம்பது புள்ளி, அறுபது புள்ளி, தீவு முழுக்க வெடி கொளுத்துவார்கள். தீவுச் சனம் முழுக்க இப்போது மீனவர் மண்டபத்தில் பெரிய திரை கட்டிப் பார்க்கிறார்கள், எமிலும் அங்கேதான், ஓஸிலும் அங்கேதான், எண்பத்திநாலு வயதில் தள்ளுவண்டியோடு, முன்வரிசையில்தான் இருப்பாள், எனக்குத் தெரியும். அவர்கள் எல்லோரும் அந்தப் பூச்சியத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். யாராவது ஒருவர் வாய்விட்டுச் சொல்லியிருப்பார், அந்தத் தமிழ் மனிசிக்குக் குரல் உடைந்ததுதான் காரணம் என்று. சொல்லாவிட்டாலும் நினைத்திருப்பார். நினைத்துவிட்டு, எமில் பக்கத்தில் இருக்கிறார் என்று பேசாமல் இருந்திருப்பார், அது இன்னும் மோசம். எமிலுக்கு ஒருவர் கோப்பி கொண்டுவந்து கொடுத்திருப்பார், வழக்கத்தைவிட அன்பாக. ஐயோ. குரோசியா. ஒன்று இரண்டு மூன்று. இல்லை. தொண்டையில் இப்போது தையல் போட்ட இடம் துடிக்கிறது. சொல்லிவிடவேண்டும். சோபாவை விட்டு எழும்புவதற்கு முதல், கமரா வருவதற்கு முதல்.

"சிங்னே," என்றேன். "நான்தான். என்ர குரல் உடைஞ்சது. அதாலதான்."

சிங்னே திரையைப் பார்த்துக்கொண்டே, "எனக்குத் தெரியும், காதுக்குள்ள கேட்டது," என்றாள்.

"ஒஸ்லோப் பிள்ளையைப் போட்டிருக்கலாம்."

"உடையாத குரல் எண்டால் ஒஸ்லோவில நூறு பேர் இருக்கினம், மெற்றில்டா." இப்போது திரும்பினாள். கண்மை கரைந்து கன்னத்தில் இறங்கியிருந்தது, அழுதிருக்கிறாள், நான் என்னையே பார்த்துக்கொண்டிருந்ததில் இவள் அழுததைக் காணவில்லை. "நான் இரண்டாம் சரணத்தில ஒரு வரியை முழுசாய் விட்டிட்டன். சித்தப்பாவின்ர பேர் வாற வரி. வாயைச் சும்மா அசைச்சுக்கொண்டு நிண்டனான். நீ கவனிக்கேல்லையா?"

கவனிக்கவில்லை. சத்தியமாகக் கவனிக்கவில்லை. நான் என் உச்சத்தைப் பற்றிப் பயந்துகொண்டு கண்ணை மூடியிருந்தேன். "அந்த வரிக்காகத்தான் நான் இந்தப் பாட்டையே எழுதினனான்," என்றாள் சிங்னே, சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு வந்தது அவளுக்கு, மூக்கால் வந்த சிரிப்பு, "அப்பா அங்க பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் என்ன சொல்லப்போறன் அவருக்கு?" இவ்வளவு நேரமும் ஒரே சோபாவில், ஒரு சாண் இடைவெளியில், இரண்டு பேரும் அந்தப் பூச்சியத்தை ஆளுக்கொரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்திருக்கிறோம், என்னுடையது, இல்லை என்னுடையது என்று. ஷெல் குனிந்து எங்கள் இருவரையும் பார்த்தார். "உண்மையைச் சொன்னால் நான்தான் பிழை," என்றார், "மேடையில நீல வெளிச்சம் வேண்டாம் எண்டு மேடைக்காரர் சொன்னவங்கள், நான்தான் நீலம் எண்டு நிண்டனான்." எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது, அழுகை என்று நினைத்தேன், சிரிப்பு. மூன்று பேரும் குனிந்துகொண்டு சிரித்தோம், பக்கத்துச் சோபாவில் இருந்த ஸ்பெயின்காரர் எங்களுக்கு ஏதோ நல்லது நடந்துவிட்டது என்று கட்டைவிரலைக் காட்டினார்கள்.

இன்னும் ஆறு நாடு. ஐந்து. பயம் போய்விட்டது என்று சொல்லமுடியாது, ஆனால் அது இப்போது என் மேல் இல்லை, எங்களுக்கு நடுவில் சோபாவில் இருக்கிறது, யாருடைய மடியிலும் இல்லாத பிள்ளை மாதிரி. நான் ஷெல்லின் பக்கம் திரும்பி, நகத்தைக் கடிக்கவேண்டாம், இரத்தம் வருது என்று சொன்னேன், நீங்கள் என்றா நீ என்றா சொன்னேன் தெரியவில்லை, தமிழிலேயே சொல்லிவிட்டேன் போல, அவர் விளங்கிக்கொண்டு கையை எடுத்தார். செர்பியா இல்லை. இத்தாலி இல்லை. மோல்டா வந்தது. நரைத்த மனிசி ஒருத்தி, கழுத்தில் சின்னச் சிலுவை, பின்னால் கடல், கண்ணாடியைப் போட்டுக் கடதாசியைப் பார்த்து அவசரப்படாமல் வாசிக்கிறா. ஒன்று ஐஸ்லாந்துக்கு. இரண்டு யாருக்கோ. மூன்று. "நாலு புள்ளி," என்று சொல்லிவிட்டு ஒரு மூச்சு எடுத்தா. "நோர்வே."

என்ன நடந்தது என்று ஒழுங்காகச் சொல்லத் தெரியாது. நான் சோபாவின் மேல் நின்றேன். ஐம்பத்திரண்டு வயது மனிசி, சப்பாத்தோடு, முழு ஐரோப்பாவுக்கும் முன்னால், சோபாவின் மேல். கத்தினேன். பஸ்ஸில்கூடக் கதைக்காதவள், நோர்வே நோர்வே என்று கத்தினேன், நடுவில் "அம்மோய்" என்றும் கத்தியிருக்கிறேன், குரல் உடைந்தது, இரண்டு தரம் மூன்று தரம் உடைந்தது, ஒவ்வொரு தரமும் உடைந்துகொண்டு வெளியே வந்தது. சிங்னே என் இடுப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தாள், ஷெல் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார். கமரா எங்களிடம் ஓடிவந்தது, சிவப்பு விளக்கு எரிந்தது, அணைந்தது. மோல்டா மனிசி அதற்குள் எட்டையும் பத்தையும் சொல்லி முடித்துவிட்டா. எனக்கு அவவை நிறுத்திக் கேட்கவேண்டும் போல இருந்தது, யார் கேட்டது, உங்கள் நாட்டில் யார் இருந்து எங்கள் பாட்டைக் கேட்டது, வள்ளம் திரும்பாத வீடு உங்களுக்கும் இருக்கிறதா. திரை மாறிவிட்டது. மண்டபத்தில் வேறு ஒருவரும் கவனிக்கவில்லை, முதலாமிடத்துக்கு இரண்டு நாடு அடிபட்டுக்கொண்டிருக்கிறது, அவர்களுக்கு அதுதான் போட்டி. மிச்ச இரண்டு நாடும் ஒன்றும் தரவில்லை. இருபத்தாறில் இருபத்துநாலாம் இடம். எங்களுக்குக் கீழே இரண்டு பேர் இருக்கிறார்கள், அந்தச் சோபாக்களை எட்டிப் பார்த்தேன், ஒன்றில் ஒரு பெட்டை தனியே குனிந்திருந்தாள், போய்த் தோளைத் தொட்டேன், என்ன சொல்லுகிறதென்று தெரியவில்லை, பையில் கிடந்த இஞ்சி இனிப்பு ஒன்றைக் கொடுத்தேன், தொண்டைக்கு என்று எமில் போட்டு அனுப்பினது.

திரும்பி வரத் தொலைபேசி அதிர்கிறது. எமில். மண்டபச் சத்தத்தில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு மேடைக்குப் பின்னால் போகிற நடையில் நின்றேன், ஆட்கள் கம்பியும் பெட்டியும் தள்ளிக்கொண்டு போகிறார்கள், சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

"மெற்றி! நாலு! நாலு எடுத்திட்டம்!"

"இஞ்சேருங்கோ, சனம் என்ன சொல்லுது?"

"என்ன சொல்லுறதோ? நடுவரைத்தான் பேசுதுகள். ஓஸில் தள்ளுவண்டியால நிலத்தில இடிச்சு இடிச்சுப் பேசினது, போர்த்துக்கலுக்குக் காது செவிடாம், கிரேக்கத்துக்கு மூளை இல்லையாம். நீர் சோபாவில ஏறினதைக் கண்டிட்டு மனிசி அழுதிட்டுது."

"என்ர குரல் உடைஞ்சதைப் பற்றி…"

"எது?" என்றார் எமில். அவருக்குத் தெரியும், அந்த மனிசனுக்குத் தெரியாமல் இராது, ஆனால் "எது?" என்றார். "சிங்னேயின்ர தேப்பன் என்ர கையைப் பிடிச்சபடியே இருந்தவர். இப்பதான் எழும்பிப் போய்க் கோப்பி எடுக்கிறார். பொறும், பொறும், இதைக் கேளும்," என்று சொல்லித் தொலைபேசியை எங்கேயோ தூக்கிப் பிடித்தார். முதலில் இரைச்சல் மட்டும். கதிரை இழுபடுகிற சத்தம், பிள்ளைகள், யாரோ விசில். பிறகு அதற்குள்ளிருந்து ஒன்று எழும்பி வந்தது, தாறுமாறாக, ஆம்பிளைக் குரலும் பொம்பிளைக் குரலும், மீன்பிடிக்கிறவர்கள், கடைக்காரர், எங்கள் தமிழ்ச் சனம், எல்லோருமாகச் சேர்ந்து சுதியே இல்லாமல் என்னுடைய பகுதியைப் பாடுகிறார்கள். சொல்லில்லாத அந்த இடம். அண்ணை பாசையூரில் பாடின அந்த ஏற்றம். அவர்களுக்கு அது யாருடையது என்று தெரியாது, தெரிந்து என்ன, ஏறுகிறார்கள், ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு ஏறுகிறார்கள், உச்சத்துக்கு வந்ததும் அத்தனை பேருக்கும் குரல் உடைந்து, அத்தனை பேரும் விழுந்து, பெரிய சிரிப்பு. அதற்கு மேலாக ஒரு கிழட்டுக் குரல், ஓஸிலுடையது, "இன்னும் மேல, இன்னும் மேல!" என்று பேசிக்கொண்டிருந்தது. நான் சுவரோடு சரிந்து நிலத்தில் இருந்துவிட்டேன். பெட்டி தள்ளுகிறவர்கள் என் காலைச் சுற்றிக்கொண்டு போனார்கள். கன்னம் நனைந்திருந்தது, தொண்டை நோகவில்லை.

"கேட்டதே?" என்றார் எமில்.

"ஓம்."

"என்னப்பா, பேச்சைக் காணேல்லை?"

"இன்னொருக்காப் பாடச் சொல்லுங்கோ," என்றேன்.